மடாதிபதியின் குன்று: ஒரு வெள்ளை வைனின் சமூக வரலாறு

ஒரு கவிதையை அது தோன்றிய சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்கலாகாது என வற்புறுத்தும் நம்மிற் பலர், உயர்ந்த வைனைப் பற்றிப் பேச்செழும்போது அதனை மண்ணின் மகிமையாகவே ஏற்றுக்கொண்டு விடுகின்றோம். மேற்கு ஜேர்மனியின் அப்ட்ஸ்பேர்க் என்னும் முந்திரிகைத் தோட்டத்தின் வரலாறு இந்நோக்கின் போதாமையை நன்கு புலப்படுத்துவதாகும்.

திரியர் நகருக்கு அண்மையில் மோசல் ஆற்றுடன் கலக்கும் ரூவர் என்னும் சிற்றாற்றின் கரையில், மேர்ட்டெஸ்டோர்ப் கிராமத்தைச் சார்ந்து, தென்முகமாகச் சரியும் குன்று அது. ஏறத்தாழ 14 ஹெக்டேயர் பரப்பு முழுவதும் ஒரே உடைமையாக உள்ளது. சிற்சில இடங்களில் அதன் சரிவு 70 வீதத்தை எட்டுகின்றது. மண்ணோ நீலச் சிலேற்றுக் கற்சிதறல். பகலில் ஏற்ற வெப்பத்தை இக்கற்கள் இரவில் வெளிவிடுவதனாலேயே, காலந்தாழ்த்தி முதிரும் ரீஸ்லிங் இக்குளிர்ப் பிரதேசத்திற் கனிகின்றது. பழச்சாறு மரப்பீப்பாய்களில் மெல்லெனப் புளிக்கின்றது. சர்க்கரை முழுவதும் மதுசாரமாக மாறுமுன் நொதித்தல் நின்றுவிடும் வைன்களில் மதுசாரம் எட்டு வீதமளவிலேயே அமைவதுண்டு. கூர்மையான புளிப்பும் எஞ்சிய இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இவ்வைனின் தனிப்பண்பு. பல பத்தாண்டுகள் அது கெடாது முதிர்வதற்கும் இதுவே காரணம். எனவே மண்ணின் பங்கை நாம் மறுக்கவில்லை. அதனை மறுப்பது வரட்டுப் பொருள்முதல்வாதமாகிவிடும்.

ஆனால் அம்மண் யாருடையது? பேரரசன் முதலாம் ஒட்டோவின் 966 ஆம் ஆண்டுச் சாசனம் இந்நிலத்தைத் திரியரின் புனித மக்சிமின் துறவிமடத்தின் உடைமையாக உறுதிசெய்தது. சிறந்த சரிவு மடாதிபதிக்கு, அதுவே அப்ட்ஸ்பேர்க். வழிபாட்டுக்குரிய உயர்நிலைத் துறவியருக்கு ஹெரன்பேர்க். உடலுழைப்பிற்குரிய சகோதரருக்கு, ஒரு ஹெக்டேயரளவான புரூடர்பேர்க். நிலமானியப் படிநிலை இவ்வளவு வெளிப்படையாக இடப்பெயர்களிற் பதிந்திருப்பது அரிது.

இதே கிராமத்தில் ஹைன்ரிஹ் மார்க்ஸ் என்னும் திரியர் வழக்கறிஞருக்கும் முந்திரிகை நிலம் இருந்தது. அவர் மகன் கார்ல் 1843 ஜனவரியில் ‘ரைனிஷ சைற்றுங்’ பத்திரிகையில் மோசல் விவசாயிகளின் வறுமை பற்றி எழுதினார். 1818 இன் பிரசியச் சுங்கக் காப்பு அவர்களுக்குச் சந்தையைத் திறந்திருந்தது. நடுகை பெருகியது. 1834 இன் சுங்க ஒன்றியம் தென்ஜேர்மனிய வைனை உள்ளே விட, விலை சரிந்தது. அதிகாரிகள் விவசாயிகளின் நடத்தையைக் குறைகூறினர். மார்க்ஸோ தனிமனிதருக்கு அப்பாற்பட்ட புறநிலை உறவுகளைச் சுட்டினார். இத்தகைய பிரச்சினைகளே தம்மைப் பொருளாதார ஆய்வின்பாற் செலுத்தின எனப் பின்னர் அவரே 1859 இல் நினைவுகூர்ந்தார்.

குளிர்ந்த ஆண்டுகளில் எளிய விவசாயிகளின் பழம் கனியாது புளித்தது. ஜேர்மனியின் ஆரம்ப சோசலிசவாதிகளுள் ஒருவரும் திரியரில் வாழ்ந்தவருமான லுட்விக் கால், 1850 களில் சாற்றுடன் சர்க்கரை நீர் சேர்க்கும் முறையைப் பரப்பினார். புளிப்புக் குறைந்தது, மதுசாரம் கூடியது, விற்கத்தக்க வைன் கிடைத்தது. பிற்காலத்தில் இம்முறை கலப்படம் எனப் பழிக்கப்பட்டது. சர்க்கரை சேராத ‘இயற்கை வைன்’ என்பதைப் பெருந்தோட்டங்கள் தமது கொடியாக உயர்த்தின. அவற்றின் ஏலவிற்பனையாளர் 1910 இல் தேசிய சங்கமாக ஒன்றிணைந்தனர். வெயில் விழும் சரிவு யாரிடம் இருந்ததோ அவரால் தூய்மையைப் பேணல் எளிதாயிருந்தது. நிழற்பக்கத்தானுக்கு அத்தூய்மை பட்டினியை விலையாகக் கேட்டது. 1971 ஆம் ஆண்டு வைன் சட்டமும் உயர்தரப் பட்டங்களைச் சர்க்கரை சேராத வைனுக்கே உரித்தாக்கியது.

மடத்தின் உடைமை பிரெஞ்சுப் புரட்சியின் பின்விளைவாகப் பறிபோன பின்னர், இக்குன்று 1882 இல் சார் பிரதேசத்து இரும்பாலை அதிபரான ஸ்டும் என்பவரிடம் வந்தது. தம் தொழிலாளர் சோசலிச ஜனநாயகக் கட்சியை அணுகாவண்ணம் கடுங்கண்காணிப்பில் வைத்திருந்தவர் அவர். இன்றும் அவர் வழித்தோன்றல்களே உரிமையாளர். குப்பியின் முகப்பில் அப்ட்ஸ்பேர்க் என்ற பெயர் அப்படியே நிற்கின்றது.