முறையீடும் பதிவேடும்: தில்லியில் வடகிழக்கு மக்கள்

தில்லிப் பல்கலைக்கழகத்தை அடுத்த விஜய் நகர், முகர்ஜி நகர் பகுதிகளிலும் தெற்கே முனிர்காவிலும் வடகிழக்கு மாநிலத்து மாணவரும் பணியாளரும் பெருமளவில் குடியிருக்கின்றனர். தெருவிலும் வாடகை வீட்டிலும் அவர்கள் எதிர்கொள்ளும் இன இழிவு பலரால் எழுதப்பட்டுள்ளது. அது முறையீடாகக் காவல்துறையை அடைந்தபின் என்னவாயிற்று என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

2007ஆம் ஆண்டு தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்க்கெனப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. உடலை வெளிக்காட்டும் ஆடைகளைத் தவிர்க்குமாறும், மூங்கில் குருத்து, அகுனி (நாகர் உண்ணும் புளிக்கவைத்த சோயா அவரை) முதலிய மணமிக்க உணவுகளை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதவாறு சமைக்குமாறும் அது அறிவுறுத்தியது. குற்றத்தின் காரணம் துன்புற்றவரின் அடுக்களையில் தேடப்பட்டது என்பது இதனால் விளங்கும். புலால் உணவின்பொருட்டு வீடு மறுக்கும் வழக்கம் தமிழகமும் அறியாததன்று. அதே ஆண்டில் வடகிழக்கு உதவி மையம் தொலைபேசி வசதியுடன் தில்லியில் தோன்றியது. காவல் நிலையம் செல்லத் தயங்கியோர் தம்மவரிடம் முறையிட இதனால் ஓரிடம் வாய்த்தது.

2012இல் நடுவண் உள்துறை அமைச்சகம், முகத்தோற்றம் குறித்த வசைச்சொல்லால் வடகிழக்குப் பழங்குடியினரை இழிவுபடுத்துவோர்மீது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்துமாறு மாநிலங்களை அறிவுறுத்தியது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் மணிப்பூரின் மெய்தெய் மக்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெறாதவர். ஒரே தெருவில் ஒரே வசையைக் கேட்கும் இரு தோழியருள் நாகர் குலத்தவர்க்குத் துணைநிற்கக்கூடிய சட்டம் மெய்தெய் தோழிக்கு நில்லாது. வசைமொழிபவரோ இவ்வேறுபாட்டை அறியார்.

2014 சனவரியில் லாஜ்பத் நகரில், தலைமுடி குறித்த ஏளனத்தில் தொடங்கிய சச்சரவில் தாக்கப்பட்ட அருணாசலப் பிரதேச மாணவர் மறுநாள் இறந்தார். இதையடுத்து எம்.பி. பெஸ்பரூவா தலைமையில் அமைக்கப்பட்ட குழு அவ்வாண்டு சூலையில் அறிக்கை அளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என்னும் இரு பிரிவுகளைச் சேர்க்கவும், புலனாய்வை 60 நாள்களுக்குள்ளும் விசாரணையை 90 நாள்களுக்குள்ளும் முடிக்கவும் அது பரிந்துரைத்தது. 153ஏ பிரிவில் ‘இனம்’ என்னும் சொல் முன்னரே உண்டு. ஆயினும் அப்பிரிவு குழுக்களிடையே பகைமூட்டுவதையே குறித்தது. தனியொருவர்மீது வீசப்படும் இனவசை அதில் எளிதில் அடங்காது.

தில்லிக் காவல்துறையின் வடகிழக்குச் சிறப்புப் பிரிவும் 1093 என்னும் உதவி எண்ணும் நடைமுறைக்கு வந்தன. கர்மா டோர்ஜி வழக்கில் 2016 திசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்காணிப்புக் குழு அமைக்க ஆணையிட்டது. சட்டப் பிரிவுகள் மட்டும் வரவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனத்தின்பொருட்டுச் செய்யும் கொலையைத் தனித்துச் சுட்டுகிறது. பெஸ்பரூவா குழு வேண்டிய இனவசைப் பிரிவு அதிலும் இல்லை. தனிப்பெயர் பெறாத இக்குற்றம் பதிவேட்டில் அடிதடி, மிரட்டல் ஆகிய தலைப்புகளுக்குள் கலந்துவிடுகிறது. எனவே இவ்வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் காவல்துறைப் புள்ளிவிவரத்தினும் உதவி மையங்களின் குறிப்பேடுகளே முதன்மைச் சான்றுகளாகின்றன.