தடித்த கம்பியின் கதை



சோலார் போட்டு, கூடவே பேட்டரியும் வைக்கும் நம்ம ஊர்க்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான். "சார், வீட்டுக்குள்ள பிளக் பாயின்டுக்கு இரண்டரை ஸ்கொயர் எம்எம் வயர் போதுங்கிறாங்க. அதே கரண்டுக்கு பேட்டரிப் பக்கம் மட்டும் ஏன் விரல் மொத்தத்துக்கு காப்பர் கேக்கிறாங்க? ஏமாத்துறாங்களோ?"

ஏமாற்றவில்லை. "அதே கரண்ட்" என்று நினைப்பதில்தான் சிக்கல். அது விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பூட்டுத் தொழிலாளியின் மகன், கம்பிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். பெயர் ஜார்ஜ் ஓம். கம்பி நீண்டால் தடை கூடும், பருத்தால் குறையும் என்று கணக்கோடு 1827-இல் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. (வாத்தியார் சொன்னதை ஊர் ஏற்றுக்கொள்ளப் பதினான்கு வருடம்! நமக்கு இது புதிதா என்ன?)

அதே 1841-இல் இங்கிலாந்தில் மதுபான ஆலைக் குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல் அடுத்த படியைச் சொன்னார். கம்பியில் உண்டாகும் சூடு, ஓடும் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. நான்கு மடங்கானால் பதினாறு மடங்கு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

1882 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின் நிலையத்தைத் தொடங்கினார். நேர் மின்னோட்டம், சுமார் 110 வோல்ட். பல்பு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் நிலையத்திலிருந்து ஒரு மைல் தாண்டினாலே தாமிரச் செலவு தாங்காது. மூன்று கம்பி முறையெல்லாம் கொண்டுவந்து தாமிரத்தை மிச்சம் பிடித்தார். அதற்கு முந்தைய வருடமே, பிற்பாடு கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் இதற்கு ஒரு வியாபாரக் கணக்குப் போட்டிருந்தார். கம்பி மெலிந்தால் வருடா வருடம் மின்சாரம் சூடாக வீணாகும், தடித்தால் முதலிலேயே தாமிரத்துக்குப் பணம் போகும். இரண்டு செலவும் சமமாகும் பருமன்தான் லாபமானது. இன்றைக்கும் இதற்குக் கெல்வின் விதி என்றுதான் பெயர்.

உலகம் கண்டுபிடித்த வழி வேறு. வோல்டேஜைக் கூட்டினால் ஆம்பியர் குறையும், மெல்லிய கம்பியே போதும். நம் தென்னிந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் 1902-இல் சிவசமுத்திரம். காவிரி அருவியின் மின்சாரம் சுமார் 90 மைல் தள்ளியிருந்த கோலார் தங்க வயலுக்குப் போனது. பிறகு 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் நமக்குப் பக்கத்திலேயே தாமிரபரணியில் பாபநாசம். உயர் அழுத்தத்தில் வந்து, ஊருக்கு வெளியே இறங்கி, வீட்டுக்கு 230 வோல்டாக வந்தது. தடித்த கம்பியைப் பார்க்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லாமல் போனது.

அது மறுபடி வீட்டுக்குள் வந்தது மின்வெட்டுக் காலத்தில். 2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் இன்வெர்ட்டர் வாங்கினோம், பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேட்டரி முனையில் பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்து, தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை. மெல்லிய வயர், இறுக்காத லக். நல்லவேளை, பகலில் நடந்தது.

இப்போது கணக்கு. வீட்டில் 3 கிலோவாட் லோடு என்று வையுங்கள். 230 வோல்டில் அது சுமார் 13 ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியில் அதுவே 250 ஆம்பியர்! 48 வோல்டில் 62.5. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர், 25 ஸ்கொயர் எம்எம் தாமிரம். தடை சுமார் 0.004 ஓம். அவ்வளவுதானே என்று தோன்றும். 250 ஆம்பியர் ஓடினால் அந்தக் கம்பியில் மட்டும் ஏறக்குறைய 250 வாட் சூடு, கூடவே ஒரு வோல்ட் இறக்கம். 12-இல் ஒன்று போனால் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும். அதே கம்பியில் 48 வோல்ட் என்றால் 16 வாட். ஜூல் சொன்ன பதினாறு மடங்கு இதுதான்.

ஆகவே பெரிய லோடுக்கு 48 வோல்ட்தான் என்பது என் கட்சி. (பழைய தொலைபேசி நிலையங்களின் பேட்டரி அறைகளும் 48 வோல்டில்தான் ஓடின, கை மொத்தத் தாமிரப் பட்டைகளை அங்கே பார்த்தவர்கள் இருப்பீர்கள்.) இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் பேட்டரி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் 62.5 என்பது 75 ஆம்பியர் வரை போகும். 100 ஆம்பியர் ஃபியூஸ், 25 ஸ்கொயர் எம்எம் தாமிரக் கேபிள். காற்றோட்டமில்லாத அலமாரி என்றால் 35. ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒட்டியே இருக்கட்டும், அது காப்பது கேபிளை. டிசி-க்கு என்று எழுதியதையே வாங்குங்கள். நம் வீட்டு ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வந்து போகும், அதனால் தீப்பொறி அணையும். டிசி-யில் அந்த இடைவெளி கிடையாது, பொறி நின்று எரியும்.

பேட்டரிகளைப் பக்க இணைப்பாகச் சேர்க்கும்போது பஸ்பார் வேண்டும். தாமிரப் பட்டைக்குப் பேனல் செய்பவர்கள் கைக்கணக்காகச் சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரை ஆம்பியர் வைப்பார்கள். 25-க்கு 5 பட்டை 125 ச.மி.மீ., சுமார் 185 ஆம்பியர். பிளஸ்ஸை வரிசையின் ஒரு முனையிலும் மைனஸை மறு முனையிலும் எடுத்தால் எல்லா பேட்டரியும் ஏறக்குறைய சமமாக உழைக்கும். இரண்டையும் ஒரே முனையில் எடுத்தால் முதல் பேட்டரிதான் சுமை தாங்கும், அதுதான் முதலில் சாகும்.

அலுமினியம் மலிவு என்று சிலர் ஆசைப்படுவார்கள். அதன் தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், அளவைக் கூட்டியே ஆக வேண்டும். அதைவிட, குற்றாலச் சாரல் மாதங்களில் இங்கே சுவரே வியர்க்கும். ஈரத்தில் தாமிரமும் அலுமினியமும் நேராகத் தொட்டால் இணைப்பு அரிக்கும், தடை ஏறும், சூடாகும். வெறும் தாமிரமும் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதற்குத்தான் வெள்ளீயம் பூசிய லக்கும் பஸ்பாரும். முன்பு தெருவில் "ஈயம் பூசலையோ" என்று குரல் கொடுத்து வருவார்களே, பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாமல் இருக்கப் பூசிய அதே வெள்ளீயம்தான். சாரல் தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை வைத்து நட்டுகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.