கெடு தவறிய வழக்குகள்: மலேசியக் காலவரம்பு விதிகளும் பேராக் தோட்டத் தொழிலாளரும்

வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று பார்ப்பதற்கு முன்பே, அது கெடுவுக்குள் வந்ததா என்று நீதிமன்றம் பார்க்கிறது. இந்தக் கண்டிப்பு மலேசியாவில் எப்படி வேரூன்றியது, எங்கே தளர்ந்தது, அந்தத் தளர்வு பேராக்கின் ரப்பர்த் தோட்ட மக்களுக்கு எட்டியதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்திய முறையும் ஆங்கில முறையும்

பேராக் அங்கம் வகித்த இணைந்த மலாய் மாநிலங்களின் 1918ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், இந்தியாவின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது. 1928இல் கட்டி முடிக்கப்பட்ட ஈப்போ நீதிமன்றத்திலும் அதுவே நடைமுறை. 1957இல் வந்த விதிகள் ஆங்கில முறையைத் தழுவின. அதற்குள் 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் பிறந்திருந்தது: ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டு, நிலத்தை மீட்க 12 ஆண்டு.

ரத்னம் எதிர் குமாரசாமி

மலாயாவிலிருந்து, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன இவ்வழக்கில் 1964இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டுப் பதிவேடு சில நாள் தாமதமாகத் தாக்கலானது. சமரசம் ஆகிவிடும் என்று நம்பி, கெடு முடியும் தறுவாயில்தான் வழக்கறிஞரை அணுகியதாக மேல்முறையீட்டாளர் சத்தியப் பிரமாணத்தில் சொன்னார். அது போதாது என்றது கவுன்சில். விதிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அவகாசம் நீட்டிக்கத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற கோட்பாடு அங்கிருந்து நிலைபெற்றது.

பின்னர் பிடி தளர்ந்தது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 3ஆம் ஆணைப்படி, கெடு கடந்த பிறகும் அவகாசம் கேட்கலாம். ஆணை 1ஏ, நடைமுறைப் பிழையை மட்டும் பாராமல் வழக்கின் நீதியையும் கருதச் சொல்கிறது.

தோட்டத்துக் கணக்கு

இந்தச் சலுகை வழக்கு மன்றம் ஏறிய பிறகே கிடைக்கும். தோட்டத் தொழிலாளியின் சிக்கல் அதற்கு முந்தியது. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஆயிரக்கணக்கானோர் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தனர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான். வேலைநீக்கத்தை எதிர்க்க 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு வழி தந்தது. ஆனால் முறையீட்டுக்குக் குறுகிய கெடுவும் வைத்தது. ஒரு மாதக் கெடு இருந்த காலத்தில், அது கட்டாயமானது என்று ஃபங் கியோங் ரப்பர் வழக்கில் (1981) கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. இன்று 60 நாள். 61ஆம் நாள் வரும் முறையீட்டை, காரணம் எதுவானாலும், தொழிலியல் உறவுத் துறையின் தலைமை இயக்குநர் ஏற்க முடியாது.

நிர்வாகத்தோடு பேசிப் பார்ப்போம் என்று காத்திருப்பது தோட்டத்தில் இயல்பு. அந்தப் பேச்சு நாள்கணக்கை நிறுத்தாது. கடன், நிலுவைத் தொகை போன்றவற்றில் மட்டும் ஒரு விலக்கு உண்டு: கடன்பட்டவர் கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால், காலவரம்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி காலம் புதிதாகத் தொடங்கும். வாய்மொழி வாக்குறுதிக்கு அந்த மதிப்பு இல்லை.

ஆக, சமரசத்தை நம்பிக் காத்திருந்ததை 1964இல் ஏற்காத சட்டம், வழக்கறிஞர் வைத்து மன்றம் ஏறியவரிடம் இன்று ஓரளவு இறங்கி வருகிறது. வேலை போன தோட்டத் தொழிலாளியிடம் அது இன்னும் நாளை எண்ணியே பேசுகிறது.