சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சிறுவரும் சமூக ஊடகமும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்த மாவட்டங்கள் சித்தூரும் திருப்பதியும். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. இங்குள்ள சிறுவர்களின் யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் பழக்கம் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரின் கைபேசியிலேயே தொடங்குகிறது. நாடு முழுவதும் கிராமப்புறங்களில் நடந்த 'ஏசர் 2024' ஆய்வின்படி, கைபேசி இயக்கத் தெரிந்த 14 வயதினரில் சொந்தக் கைபேசி உள்ளோர் 27 விழுக்காடுதான். ஆனால் 14 முதல் 16 வயதுக்குட்பட்டோரில் முந்தைய வாரம் படிப்புக்காகக் கைபேசியைத் தொட்டோர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகத் தொட்டோர் 76 விழுக்காடு.

நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கோ ஆங்கிலமோ பழகும் பிள்ளைதான் அங்கே கைபேசியின் மொழிபெயர்ப்பாளர். எந்தப் பொத்தான் எதற்கு என்று பெற்றோருக்குச் சொல்லித்தருவதும் அதே பிள்ளை. கண்காணிக்க வேண்டியவர் கண்காணிக்கப்படுபவரிடமே பாடம் கேட்கும் நிலை இது.

குழந்தையின் முதல் படத்தை இணையத்தில் ஏற்றுவது பெரும்பாலும் பெற்றோரே. திருமலை கல்யாணக்கட்டையில் முடியிறக்கிய குழந்தையின் மொட்டைத்தலை, மலையிறங்குமுன் ஸ்டேட்டஸில் வந்துவிடுகிறது. பேசப் பழகுமுன்பே முகமும் பெயரும் ஊரும் வெளியாகிவிடுகின்றன. கோயில் முன் ரீல்ஸ் எடுப்போர் மீது சட்ட நடவடிக்கை பாயும் என்று 2025 ஜூலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் எச்சரித்தது. அதன் கவலை கோயிலின் புனிதம். குழந்தையின் அந்தரங்கத்துக்கு அப்படி எச்சரிப்பவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்க 13 வயது என்ற வரம்பு அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. இந்தியாவின் 2023 எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் வந்த விதிகள் இதற்கு 18 மாத அவகாசம் தந்துள்ளன. 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. அதே வழியை ஆந்திரம் ஆராய்வதாக 2026 ஜனவரியில் டாவோஸில் அமைச்சர் நாரா லோகேஷ் கூறினார். தடைகளின் ஆயுள் பற்றித் தமிழ்நாட்டுக்கு அனுபவம் உண்டு: டிக்டாக்குக்கு 2019 ஏப்ரல் 3 அன்று தடைவிதிக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மூன்றே வாரத்தில் அதை விலக்கிக்கொண்டது.

சித்தூர், திருப்பதி ஊர்களில் சட்டத்துக்குள்ள சிக்கல் எளியது. கணக்கு தாயின் பெயரில் இருக்க, பார்ப்பவர் ஒன்பது வயதுப் பிள்ளையென்றால், எந்த வயதுச் சோதனையும் தாயையே காணும். கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை, அந்நியர் அனுப்பிய செய்தியைச் சொல்லாமல் மறைக்கும். அதனால் பூட்டைவிடப் பேச்சு அதிகம் உதவும். தொல்லை நேர்ந்தால் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சிறுவர் உதவி எண் 1098 அல்லது இணையக் குற்றப் புகார் எண் 1930ஐ அழைக்கலாம்.