48 மணி நேரமும் கைக்கெட்டும் மொழியும்

பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குமிடத்தில் இருக்கிறது கல்லாறு. திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். ஆய்வேட்டின் ஓர் இயலை முடிப்பதற்காகச் சில வாரங்களாக இங்குத் தங்கியிருக்கிறேன். வீட்டுத் திண்ணையின் ஒரு மூலையில் மட்டுமே இணையம் கிடைக்கும். அந்த மூலையில் அமர்ந்துதான் சென்ற மாதம், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து, இணையக் குழு ஒன்றில் ஒரு போட்டியை நடத்தினேன். வெள்ளி இரவு தலைப்பு அறிவிக்கப்படும். அதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி அனுப்ப வேண்டும். பங்கேற்றோர் அனைவரும் மாணவர்கள். எவருக்கும் இது தொழில் அன்று. நாங்கள் விதித்த தனி நிபந்தனை ஒன்றே: விளையாட்டின் மொழி தமிழாக இருக்க வேண்டும்.

ஞாயிறு இரவு வந்து சேர்ந்தவற்றைத் திறந்து பார்த்தபோது அந்த நிபந்தனை ஏறத்தாழ முறிந்திருந்தது. சிலர் சொற்களே இல்லாத விளையாட்டுகளை அனுப்பியிருந்தார்கள். சிலர் தமிழ்ச் சொற்களைப் படங்களாக ஒட்டியிருந்தார்கள். ஒரு விளையாட்டில் ‘தேர்’ என்ற சொல்லின் கொம்பு, தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. நன்றாக எழுதக்கூடிய மாணவர் ஒருவர், “நேரம் போதவில்லை அக்கா, கதையை அப்படியே இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டேன்” என்று எழுதியிருந்தார்.

நேரம் போதவில்லை என்ற விளக்கத்தை முதலில் நானும் ஏற்றுக்கொண்டேன். பின்னர் ஐயம் எழுந்தது. குறித்த நேரத்துக்குள் ஒன்றைப் படைத்துக் காட்டும் போட்டி நமக்குப் புதிதன்று. இதைவிடக் குறுகிய நேரத்தில், இதைவிடக் கடுமையான விதிகளுக்கு உட்பட்டு, இதே நிலப்பகுதியில் தமிழிலும் மலையாளத்திலும் படைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் போதிய நேரம் இவர்களுக்கு ஏன் போதவில்லை? இப்பதிவு அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சி.

‘கேம் ஜாம்’ என்று இன்று அழைக்கப்படும் போட்டிமுறையின் வரலாறு குறுகியது. இசைக்கலைஞர்கள் முன்தயாரிப்பின்றிக் கூடி வாசிப்பதைக் குறிக்கும் ‘ஜாம்’ என்ற சொல் விளையாட்டு உருவாக்கத்துக்கு வந்தது 2002 இல். அவ்வாண்டு மார்ச்சில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் ஆகியோர் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் சில நிரலாளர்களை ஓரிடத்தில் கூட்டி ‘இண்டி கேம் ஜாம்’ நடத்தினர். அடுத்த மாதமே ஜெஃப் ஹவ்லண்ட் இணையத்தில் ‘லூடும் டாரே’ என்ற போட்டியைத் தொடங்கினார். 2009 இல் தொடங்கிய ‘குளோபல் கேம் ஜாம்’ முதலாண்டிலேயே 23 நாடுகளில் 53 இடங்களில் நடந்தது. இந்தியாவில் 2010-களில் நாஸ்காமின் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டை ஒட்டி ‘பில்ட் யுவர் ஓன் கேம்’ என்ற 48 மணி நேரப் போட்டி நடத்தப்பட்டது.

இவற்றுள் லூடும் டாரேயின் விதிகள் நம் நோக்குக்கு முதன்மையானவை. தலைப்புகளைப் பங்கேற்பாளர்களே முன்மொழிந்து வாக்களித்துத் தேர்கிறார்கள். ஆயினும் எது வெல்லும் என்பது தொடக்க மணி வரை எவருக்கும் தெரியாது. 48 மணி நேரப் பிரிவில் ஒருவர் தனியாகவே உழைக்க வேண்டும். படம், இசை, கதை யாவும் அந்நேரத்துக்குள் புதிதாகச் செய்யப்பட வேண்டும். மூலநிரலை வெளியிட வேண்டும். தனி நடுவர் இல்லை. ஒருவர் விளையாட்டை மற்றவர்கள் ஆடி மதிப்பிடுகிறார்கள். ஆனால் விளையாட்டு இயங்குவதற்கான இன்ஜினையும் பொது நிரல்தொகுதிகளையும் முன்கூட்டியே வைத்திருக்கலாம். படைப்பு புதிதாக இருக்க வேண்டும். கருவி பழையதாக இருக்கலாம். இந்த ஒரு பிரிப்புக்கோட்டின் மீதே முழுப்போட்டியும் நிற்கிறது.

இதே கோட்டை நம் மரபிலும் காணலாம். கல்லாற்றுக்குத் தெற்கே நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடி, அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதி. அங்கே 1874 இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். பள்ளியில் மலையாளம் பயின்ற அவர், கோட்டாற்றுச் சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் கலை அது. முதுகில் எறியப்படும் நெல்லையும் கல்லையும் எண்ண வேண்டும். மணியோசையைக் கணக்கில் வைக்க வேண்டும். கணக்குக்கு விடை கூற வேண்டும். இடையிடையே அவையோர் கொடுக்கும் ஈற்றடிக்கு ஏற்ப வெண்பாவும் பாட வேண்டும். ஈற்றடி முன்னரே தெரியாது, பாட்டுப் புதிது. ஆனால் யாப்பு பழையது, சொற்களஞ்சியம் பழையது.

அக்களஞ்சியம் எவ்வாறு அமைந்திருந்தது என்பதைச் சூடாமணி நிகண்டு காட்டும். திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்விக்கப்பட்ட நூல் அது. அதன் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது; சொற்கள் அங்கே எதுகை வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. படிப்பவர் பொருள் தேடும் வசதிக்காக மட்டும் இவ்வரிசை ஏற்பட்டிருக்க முடியாது. பாடுபவர் இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டு சொல்லை எட்டுவதற்கும் இது துணைநின்றது. இன்று விளையாட்டு உருவாக்குநர் தம் கணினியில் வகைபிரித்து வைத்திருக்கும் கருவித்தொகுப்பைப் போன்றது அது. அரங்கில் கண்ட சில நொடிகளின் பின்னால் பல்லாண்டு மனப்பாடம் இருந்தது.

வடக்கே கோட்டயமும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1890 இல் மலையாள மனோரமா செய்தித்தாளைத் தொடங்கிய கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை, 1891 இல் அங்கே கவி சமாஜத்தைக் கூட்டினார். வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு செய்யுளிலேயே கடிதம் எழுதியும் இதழ்களில் பாடல் வெளியிட்டும் ஒருவரையொருவர் அறிந்திருந்த கவிஞர்களின் வலையம் ஒன்று அக்காலக் கேரளத்தில் இருந்தது. அவ்வலையத்தை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த கூட்டம் அது. அங்கு நடந்த போட்டிகளுள் ஒன்று, கொடுக்கப்பட்ட பொருளில் ஐந்து மணி நேரத்தில் ஒரு நாடகம் எழுதுவது. கங்கை மண்ணுக்கு இறங்கிய கதையே பொருள். கொடுங்ஙல்லூர் குஞ்ஞிக்குட்டன் தம்புரான் முதலிடம் பெற்றார். பின்னாளில் மகாபாரதம் முழுவதையும் 874 நாள்களில் மலையாளத்தில் மொழிபெயர்த்தவர் அவர்.

அவதானத்துக்கும் கோட்டயத்துப் போட்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவதானத்தில் ஒருவர் நூறு பேருக்கு எதிரே நிற்கிறார். காளமேகப் புலவர் யமகண்டம் பாடியதாக வழங்கும் கதையில் தோற்பவருக்குச் சாவே கிடைக்கும். கோட்டயத்திலோ பலர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். அனைவருக்கும் ஒரே கடிகாரம். இன்றைய கேம் ஜாமுக்கு நெருக்கமானது இதுவே. ஆயினும் கைக்கெட்டும் இருப்பு என்னும் கூறு இங்கும் மாறவில்லை. கங்கையின் கதை எல்லாருக்கும் தெரிந்தது, நாந்தி, சூத்திரதாரன் என்று நாடகத்தின் தொடக்கம் வடமொழி மரபில் முன்பே வரையறுக்கப்பட்டது, விருத்தங்கள் பழகியவை. இவையெல்லாம் ஆயத்தமாக இருந்தமையால்தான் ஐந்து மணி நேரம் போதியதாயிற்று.

மொழியியல் மாணவர்களுக்கு இது அறிமுகமான கருத்தே. மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களை ஆராய்ந்து, பாடிக்கொண்டே புனைவோர் வாய்பாட்டுத் தொடர்களைக் கொண்டு விரைகின்றனர் என்று காட்டினர். க. கைலாசபதி 1968 இல் வெளியான தம் ஆங்கில நூலில் அம்முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். அவருடைய முடிபுகள் மீது விவாதம் உண்டு. எனினும் அடிப்படை உண்மை ஒன்று நிற்கிறது: நேர நெருக்கடியில் படைப்பவர் சொல்லைத் தேடிச் செல்வதில்லை, அருகில் இருப்பதை எடுக்கிறார். ஆகவே கடிகாரம் வைத்த போட்டி தனிமனிதரின் கற்பனையை அளப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அவர் சார்ந்த சமூகம் அவர் கைக்கெட்டும் தொலைவில் எதையெல்லாம் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு எங்கள் போட்டிக்குத் திரும்புவோம். ‘தேர்’ ஏன் உடைந்தது? யூனிகோடு தமிழை ஒலி வரிசையில் சேமிக்கிறது: முதலில் தகரம், அடுத்து ஏகாரக் குறி. திரையிலோ கொம்பு முன்னே நிற்க வேண்டும். இடம் மாற்றி அமைக்கும் இவ்வேலையைச் செய்ய எழுத்துக் கோப்புக்கான தனி நிரல் வேண்டும். உலாவிகளும் செல்பேசிகளும் அதைப் பெற்றுப் பல ஆண்டுகள் ஆயின. விளையாட்டு இன்ஜின்கள் மெதுவாகவே வந்தன. மாணவர்கள் பெரிதும் விரும்பும் கட்டற்ற இன்ஜினான கோடோ, 2023 மார்ச்சில் வெளிவந்த நான்காம் பதிப்பில்தான் இவ்வசதியைப் பெற்றது. 1991 இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது என்பதை நினைத்தால் இடைவெளியின் நீளம் புலப்படும். பழைய பதிப்பையோ வேறு கருவியையோ பயன்படுத்துவோருக்கு இன்றும் சிக்கல் நீங்கவில்லை.

சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டிருக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். எனவே அவற்றைப் பயன்படுத்தினால் திரையில் தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அத்தமிழைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றோருக்குக் கணினி படித்துக்காட்ட முடியாது. நாளை ஒரு தரவகத்தில் சேர்க்கவும் முடியாது.

எழுத்துச் சிக்கலைத் தாண்டியவர்கள் சொற்சிக்கலில் தடுக்கினார்கள். ஆங்கிலத்தில் ‘பாஸ்’, ‘லெவல்’, ‘கெஸ்ட்’, ‘கேம் ஓவர்’ ஆகியவை ஆயத்தமாக உள்ளன, எவரும் யோசிப்பதில்லை. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விவாதம் தேவைப்பட்டது. ‘நிலை’யா, ‘கட்டம்’ ஆ, ‘படி’யா என்று ஒரு குழு சனிக்கிழமை மாலை முழுவதையும் கழித்தது. சொல் இல்லையா? இருக்கிறது. ஆட்டத்தை இடையில் நிறுத்தக் கைகாட்டும் சிறுவர்கள் ‘அம்பேல்’ என்கிறார்கள். கணக்கில் சேராமல் உடன் ஆடவிடப்படும் சின்னக் குழந்தையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்கிறோம். தாயத்தில் காய் வீடு சேர்ந்தால் ‘பழம்’. எதிரியின் காயை நீக்கினால் ‘வெட்டு’. தேவநேயப் பாவாணர் 1954 இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். சொற்கள் தெருவிலும் நூலகத்திலும் உள்ளன. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கணினியின் முன் அமர்ந்திருக்கும் மாணவரின் கைக்கெட்டும் தொலைவில் இல்லை.

காலம் தாராளமாக இருந்தால் இத்தடைகளைக் கடக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலை மையமாகக் கொண்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டு டொரன்டோவில் உருவாகி 2023 இல் வெளிவந்தது. மறு ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. அது பல ஆண்டு உழைப்பு. 48 மணி நேரத்தில் அவ்வாறு தேர்ந்தெடுக்க எவருக்கும் ஓய்வில்லை. கருவி இயல்பாகத் தருவதே வழக்காகிவிடுகிறது. பொழுதுபோக்காக முதன்முறை விளையாட்டு செய்து பார்க்கும் இளைஞர் பலருக்கு நுழைவாயில் இத்தகைய போட்டிதான். அவ்வாயிலில் தமிழ் தடையாக நின்றால், தமிழில் செய்வது வீண்வேலை என்பதே அவர்கள் கற்கும் முதற்பாடமாகும். என் கவலை இது.

ஆகவே போட்டி நடத்துபவரின் பணி பற்றிய என் புரிதல் மாறியிருக்கிறது. தலைப்பை மறைத்து வைப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதும் வாக்குகளை எண்ணுவதும் எளிய பகுதி. வர்கீஸ் மாப்பிள்ளை கூட்டிய சமாஜம் ஓராண்டுக்குள் பாஷாபோஷிணி சபையாக வளர்ந்தது. 1892 இல் அப்பெயரிலேயே இதழும் வந்தது. ஐந்து மணி நேரத்தில் எழுதப்பட்ட நாடகத்தை இன்று படிப்பவர் அரியர். இதழின் பெயர் இன்றும் வழங்குகிறது. மொழியை வளர்ப்பது என்பது அப்பெயரின் பொருள். அதற்கான வேலை போட்டி நாளுக்கு வெளியேதான் நடந்தது.

அடுத்த போட்டிக்கு முன் நாங்கள் செய்ய எண்ணியிருப்பவை இரண்டு. தமிழ் உடையாமல் தெரியும் வெற்று விளையாட்டு வார்ப்பு ஒன்றைச் சோதித்து, எழுத்துருவோடு அனைவருக்கும் முன்கூட்டியே கொடுப்பது முதலாவது. ஆட்டச் சொற்களின் சிறு நிகண்டு ஒன்றைத் தொகுப்பது இரண்டாவது. பாவாணர் நூலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இங்கே ஆற்றங்கரையில் கூழாங்கற்களைப் பொறுக்கி ஐந்து கல் ஆடும் சிறுமியரிடமும் கேட்டுக் குறித்து வருகிறேன். மலையாளத்தில் அவர்கள் சொல்வனவற்றையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். உங்கள் ஊரில் வழங்கும் ஆட்டச் சொற்களை, எந்த ஆட்டத்தில் எப்போது சொல்வது என்ற குறிப்புடன் அனுப்பினால் தொகுதி விரைவில் நிறையும்.

முதற்படியை, கதையை இங்கிலீஷுக்கு மாற்றிய அம்மாணவருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறையும் அவருக்கு 48 மணி நேரம்தான்.