கொல்லைப்புறத்தில் நுழைந்த சட்டம்

'கொல்லை' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் முல்லை நிலத்துப் புன்செய் என்பது பொருள். வரகும் தினையும் விளைந்த அந்த மேட்டுநிலம் காலப்போக்கில் சுருங்கி, வீட்டின் பின்புறத்துச் சிறு வெளியைக் குறிக்கலாயிற்று. மலேசிய நகரங்களில் வரிசை வீடுகளில் வாழும் நமக்கோ அது இன்னும் சுருங்கி, சமையற்கட்டின் பின்கதவுக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட பத்தடிச் சிமெந்துத் தரையாகிவிட்டது. அந்தப் பத்தடியின் பொருட்டு அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் முகங்கொடுத்துப் பேசாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்வதை நம் குடியிருப்புகளில் காணாதார் இல்லை.

அத்தகைய வழக்கொன்றில் நானும் சிக்கிக்கொள்ள நேர்ந்தது. நான் தமிழாசிரியன். மலாய் மொழியில் மடல் எழுதத் தெரிந்தவன் என்பதால், எங்கள் வரிசையில் உள்ளோர் அரசாங்கத்துக்கு எழுத வேண்டியவற்றை என்னிடம் கொண்டுவருவர். ஒருநாள் மாலை, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் வந்தார். "தம்பி, பக்கத்து வீட்டுல பின்னால தகரம் போட்டிருக்காங்க. மழை பேஞ்சா தண்ணி மொத்தமும் என் அடுப்பங்கரையிலதான் கொட்டுது. நகராண்மைக் கழகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பா" என்றார். எழுதிக் கொடுத்தேன். சில வாரங்கள் சென்றபின் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும், கழகம் அனுப்பிய அறிவிப்புக் கடிதத்தோடு என்னிடமே வந்தார். அதற்கு மறுமொழி எழுத வேண்டுமாம். இரு வீட்டாரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொண்டவர்கள். "வாத்தியாரே, என் காசு, என் வீடு, என் கொல்லை. அங்க தகரம் போட நான் ஏன் கழகத்துக்கிட்ட பெர்மிட் கேக்கணும்?" என்று அவர் கேட்டார். முறையான கேள்விதான். ஆயினும் ஒரு வரியில் விடையிறுக்கத்தக்க கேள்வியன்று.

சட்டம் முதன்முதலில் கொல்லை வழியாக வரவில்லை. தெருவாசல் வழியாகவே வந்தது. 1822-ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் நகரமைப்புக் குழுவுக்கு ராபிள்ஸ் விடுத்த கட்டளைகளில், வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும், அவற்றின் முகப்பு ஒருசீராக அமைய வேண்டும், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாகத் திறந்திருக்க வேண்டும் என்பன இடம்பெற்றன. நாம் இன்று 'அஞ்சடி' என வழங்கும் நடைபாதையின் பிறப்பு அதுவே. நிலம் வீட்டுக்காரருடையது; அதில் நடக்கும் உரிமையோ ஊராருடையது. இவ்விரட்டைத் தன்மை அன்றிலிருந்தே பூசலுக்கு வித்திட்டது. கடைக்காரர்கள் அங்கே மூட்டைகளை அடுக்கினர். பலகை அடித்து மறைத்தனர். அவற்றை அகற்ற நகராட்சி முனைந்தபோது, 1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் கடைகள் அடைக்கப்பட்டுக் கலகமே மூண்டது. ஐந்தடி அகலத் தரைக்காக ஒரு நகரமே கொந்தளித்தது என்றால், பத்தடித் தரைக்காக எங்கள் வரிசையில் இருவர் பேசாதிருந்ததில் வியப்பில்லை.

வாசலை ஒழுங்குபடுத்திய சட்டம், பின்புறத்தை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. அக்காலக் கடைவீடுகளின் அமைப்பை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். முகப்பு குறுகியது; உள்நீளமோ மிகப் பெரியது. ஒரு தெருவின் வீட்டு முதுகு, அடுத்த தெருவின் வீட்டு முதுகோடு ஒட்டி நிற்கும். இடையில் சந்தும் இல்லை, சன்னலும் இல்லை. வாடகை ஆசையால் உள்ளறைகள் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு கூடுகளாகப் பிரிக்கப்பட்டன. பகலிலும் விளக்கின்றிக் கைதெரியாத அக்கூடுகளில் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். காசநோய் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. மலம் அள்ளும் வாளியும், பின்வழி இல்லாமையால், சமைக்கும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் கடந்து முன்வாசல் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் மாணவர்க்கு அருவருப்புத் தோன்றலாம். ஆனால் இதை விடுத்துப் பின்சந்தின் வரலாற்றைச் சொல்ல இயலாது.

1906-இல் இந்நிலையை ஆராய அழைக்கப்பட்டவர் பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்சன். அதற்குமுன் கல்கத்தா நகரின் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றியவர். 1907-இல் வெளிவந்த அவரது அறிக்கை, நோயின் வேர் குடியிருப்போரின் பழக்கத்தில் மட்டும் இல்லை, கட்டடத்தின் அமைப்பிலும் இருக்கிறது என்று காட்டியது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளைப் பிளந்து நடுவே பின்சந்து அமைக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் அவ்வழியே புக வேண்டும். கழிவும் அவ்வழியே அகல வேண்டும் என்பது அவர் பரிந்துரை. எளிய பரிந்துரைதான். ஆனால் சந்து என்பது வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டின் பின்பகுதியிலும் சில அடிகளை வெட்டியெடுத்தால்தான் சந்து பிறக்கும். உரிமையாளர்கள் எதிர்த்தனர், இழப்பீடு கேட்டனர். இழப்பீட்டுச் செலவால் வேலை மிக மெதுவாகவே நகர்ந்தது. 1927-இல் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்னும் நகர்ச் சீரமைப்பு அமைப்பு நிறுவப்பட்டபோது, அதன் தொடக்க ஆண்டுகளின் பெரும்பணிகளுள் ஒன்றாகப் பின்சந்து திறப்பதே விளங்கியது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் கூற வேண்டும். வீட்டின் பின்பகுதியை இடித்தபோது உரிமையாளருக்கு இழப்பீடு கிடைத்தது. அங்கே வாடகைக்குக் கிடந்த கூலித் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அவன் வேறொரு இருட்டறையைத் தேடிப் போனான். அவன் நுரையீரலைக் காக்க வந்த சட்டம் அவனையே தெருவுக்குத் துரத்திய நிகழ்ச்சிகள் வரலாற்றில் உண்டு. பின்னாளில் நகரத்தின் ஓரங்களில் முளைத்த அத்தாப்பு வீடுகளும் தகர வீடுகளும் இந்நெருக்கடியின் பிள்ளைகளே. அவற்றை 'அனுமதியற்ற வீடுகள்' என ஆட்சியாளர் வகைப்படுத்தினர். 1961-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ, ஒரே மாலையில் ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர் ஆக்கியது. கூரைக்கும் கூரைக்கும் இடையே வெளி விடப்படாத இடத்தில் தீக்கு வழிகேட்கும் தேவை இருக்கவில்லை.

தீயின் பாடத்தைக் கோலாலம்பூர் அதற்கு முன்பே கற்றிருந்தது. 1881-ஆம் ஆண்டு சனவரியில் அத்தாப்பும் மரமுமாக இருந்த அவ்வூர் எரிந்தது. அவ்வாண்டு இறுதியில் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் ஊரை மீண்டும் கட்டுவிக்கலானார். அதற்குச் செங்கல் சுட்ட இடத்தின் பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். நம்மவர் பெருந்திரளாகக் குடியேறிய அவ்விடத்தின் பெயரிலேயே ஒரு கட்டடச் சட்டம் புதைந்து கிடக்கிறது. 1890-இல் கோலாலம்பூரில் சுகாதாரக் கழகம் அமைந்தது. இன்றைய மாநகர மன்றத்தின் மூதாதை அதுவே. 

இனி, மலாயாத் தமிழரின் பெரும்பகுதியினர் வாழ்ந்த இடத்துக்கு வருவோம். அவர்கள் நகரத்தில் இல்லை. தோட்டத்து லயங்களில் இருந்தனர். அங்கே நகராட்சியின் அதிகாரி வருவதில்லை. வீட்டைக் கட்டியவர் தோட்ட நிருவாகத்தினர். வீட்டுக்குள் வாழ்பவரை வெளியேற்றக் கூடியவரும் அவரே. கொல்லையில் கோழிக்கூண்டு போடுவதற்கும், மாட்டுக்கொட்டகை எழுப்புவதற்கும், மூலையில் முனியாண்டிக்கு ஒரு கல் நடுவதற்கும் துரையின் வாய்ச்சொல்லோ கிராணியின் தலையசைப்போ போதும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ மேய்க்கவோ ஒதுக்கப்பட வேண்டும் என்றது. அந்நிலத்திலே வெண்டையும் கத்தரியும் முருங்கையும் வளர்த்தோம். ஆனால் பட்டா இல்லை, வரைபடமும் இல்லை. கொல்லை நமக்கிருந்தது, கொல்லையின்மீது உரிமை நமக்கில்லை.

இந்த அனுபவத்தோடுதான் நம்மவர் நகரத்துக்கு வந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டபோதும், பலர் முதலில் புறம்போக்கு நிலத்துப் பலகை வீடுகளில் தங்கினர். அங்கே பிள்ளை பிறந்தால் ஓர் அறை கூடும். மகனுக்குத் திருமணமானால் இன்னோர் அறை கூடும். வீடு குடும்பத்தோடு சேர்ந்து வளரும். அப்படி வளர்ந்தவர்கள் வங்கிக் கடனில் வரிசை வீடு வாங்கியபோது, முதன்முறையாகத் தம் பெயரில் மனை கிடைத்தது. முதன்முறையாக, அதை விரும்பியவாறு விரிக்க முடியாது என்னும் கட்டுப்பாடும் கூடவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் காட்டிய சினத்தின் அடியில் இந்த ஏமாற்றம் இருந்ததாகவே எனக்குத் தோன்றியது.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு மூலம் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல முன்அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்று அது கூறுகிறது. 'கட்டடம் எழுப்புதல்' என்பதற்கு அச்சட்டம் தரும் பொருள் விரிவானது. புதிய வீடு கட்டுவது மட்டுமன்று, இரு சுவர்களுக்கு இடைப்பட்ட திறந்த வெளியைக் கூரையிட்டு மூடுவதும் அதில் அடங்கும். ஆக, எங்கள் வரிசையில் போடப்பட்ட தகரம் சட்டத்தின் கண்ணில் தகரமன்று, கட்டடம்! 1984-ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள் பின்புற வெளிக்கும் பொதுச்சுவருக்கும் அளவு வகுத்தன. இரு வீடுகளுக்கும் இடைப்பட்ட பொதுச்சுவர் 200 மில்லிமீட்டர் கனமும், கூரைக்கு மேலே 230 மில்லிமீட்டர் உயரமும் உடையதாக இருக்க வேண்டும். ஒன்பது அங்குலம் கூரைக்கு மேல் நீட்டிய அச்சுவர் அழகுக்காக அன்று. ஒரு வீட்டின் தீ மற்றொரு வீட்டின் கூரையைத் தாவாதிருக்கவே. தகரத்தை அச்சுவர்மீது ஏற்றி அடித்துவிட்டால், சட்டம் வைத்த தடை இருந்தும் இல்லாததாகிவிடும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, பூசல் ஏன் ஓய்வதில்லை? நான் கருதுவது இது: சட்டத்தைக் காப்பவர் யார் என்பதில் ஒரு கோணல் இருக்கிறது. 1951 முதல் மலாயாவில் நடைபெறத் தொடங்கிய நகர்மன்றத் தேர்தல்கள், இந்தோனேசிய எதிர்ப்புப் போராட்டத்தைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டில் ஊராட்சிகளை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான ஆதி நாகப்பன். ஜான்சிராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் மாணவர்க்கு எளிதில் விளங்கும். 1968 இறுதியில் நிறைவுற்ற அவ்வாணையத்தின் அறிக்கை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை ஒழித்து, உறுப்பினரை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநாட்டியது. கால்வாய், குப்பை, தகரக் கூரை ஆகிய அன்றாடத் தொல்லைகளை வாக்குக் கேட்டு வருபவரிடம் முறையிடும் வழி அதனால் அடைபட்டது. எஞ்சியது மனு ஒன்றே. அதிகாரிகளோ வீடுவீடாகச் சென்று கொல்லைகளை அளப்பதில்லை. புகார் வந்தால்தான் வருகின்றனர். ஆகவே, நகரத்துச் சட்டத்தின் கண்ணாகவும் காதாகவும் அண்டை வீட்டாரே ஆக்கப்பட்டுள்ளனர். ஒரே அளவான நூறு தகரங்களுள், யார் பக்கத்து வீட்டாரோடு பகைத்துக்கொண்டாரோ அவர் தகரம் மட்டும் பிரிக்கப்படுகிறது. இதனைச் சட்டத்தின் ஆட்சி என்று முழு மனத்தோடு சொல்ல என்னால் இயலவில்லை.

இதற்கு எதிரிடையாகப் பல மன்றங்கள் மற்றொரு வழக்கத்தையும் கையாள்கின்றன. வீட்டின் பின்புறத்தை நீட்டிக்க விண்ணப்பிப்பவர் அண்டை வீட்டாரின் இசைவுக் கடிதத்தை இணைக்க வேண்டும் என்கின்றன. பகை வந்தபின் கையெழுத்து வாங்குவது கடினம். பகைக்கு முன்னரோ, அப்படியொரு கடிதம் வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மேலும் ஒன்று: மன்றத்தின் அனுமதி கிடைத்துவிட்டால் அயலார் மனையில் ஓர் அங்குலமும் நமக்கு உரிமையாகிவிடாது. எல்லையை மீறினால் வழக்கு மன்றம் வேறு, ஊராட்சி மன்றம் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல், அனுமதிப் பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு அண்டை வீட்டாரோடு மல்லுக்கு நிற்பவர் உண்டு.

எங்கள் வரிசைக்கு ஓர் அதிகாரி அளவுநாடாவோடு வந்தார். அவர் தகரத்தை மட்டும் அளந்து செல்வார் என மூதாட்டி எண்ணியிருந்தார். அவரோ இரு வீட்டையும் அளந்தார். மூதாட்டியின் கணவர் உயிரோடிருந்தபோது கட்டிய அடுப்பங்கரையும் அனுமதியின்றி ஐந்தடி பின்னே தள்ளி நிற்பது அப்போதுதான் வெளிப்பட்டது. தண்ணீர் கொட்டிய இடமே இருந்திருக்கக் கூடாத இடம்! இருவரிடமும் வீட்டின் மூல வரைபடம் இல்லை. கழகத்தில் கட்டணம் செலுத்தி நானே ஒரு படியெடுத்து வந்தேன். என் வீட்டு மேசைமீது அதை விரித்தபோது, பல மாதங்களுக்குப் பின் இருவரும் ஒரே விளக்கடியில் குனிந்து நின்றனர். வரைபடத்தில் எல்லா வீடுகளின் சமையற்கட்டுக்குப் பின்னேயும், கோடொன்றும் இல்லாத வெள்ளைப் பட்டையொன்று வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடிற்று. அதற்கப்பால் கால்வாய், அதற்கப்பால் இருபதடிச் சந்து. "இம்புட்டு இடமா விட்டிருந்தாங்க?" என்று மூதாட்டி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு இருவர்க்கும் சேர்த்து ஒரே மனு எழுதினேன். தகரத்தைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கிக் கொள்வதாகவும், பழைய அடுப்பங்கரைக்கு இப்போதாவது அனுமதி வழங்குமாறும், ஒருவர்க்கொருவர் இசைவதாகவும் அதில் கண்டிருந்தது. கீழே ஒருவர் கையெழுத்திட்டார். மற்றவர் பெருவிரல் பதித்தார். கழகத்திலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை. இதற்கிடையில் தகரத்தின் ஓரத்தில் பீலி ஒன்று பொருத்தப்பட்டு, மழைநீர் சந்துக் கால்வாயில் விழுகிறது.