டஸ்கனிக் குன்றுகளில் ஒரு துவிச்சக்கரவண்டிப் பயணம்: வரைபடத்தில் இல்லாத வரலாறு

விடுமுறைப் பயணம் ஒன்றைத் திட்டமிடுவோர் பொதுவாக மூன்று விடயங்களைத் தேடுகின்றனர்: நல்ல வெயில், நல்ல வீதி, நல்ல உணவு. இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள டஸ்கனியிலும், அதற்குத் தென்கிழக்கே அடுத்திருக்கும் உம்பிரியாவிலும் இம்மூன்றுக்கும் குறைவில்லை. ஐரோப்பாவில் துவிச்சக்கரவண்டிப் பிரியர்கள் ஆண்டுதோறும் இக்குன்றுகளை நாடிச் செல்வதற்கு அதுவே காரணம்.

சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் வாழும் எமது உறவினர்களின் பிள்ளைகள் சிலர் இப்பொழுது அத்தகையதொரு பயணத்துக்கு ஆயத்தமாகின்றனர். எந்தச் சைக்கிள், எத்தனை பற்சில்லு, எந்த விடுதி என்பவற்றையெல்லாம் அவர்கள் என்னைவிட நன்கறிவர். என்னிடம் அவர்கள் கேட்டது வேறொன்று. "மாமா, போற வழியில தெரிஞ்சிருக்க வேண்டிய சரித்திரம் என்ன?" என்பதே அக்கேள்வி. அதற்கான பதிலை ஏனைய வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பார்ப்போம். புளொரன்ஸ் நகரில் தொடங்கித் தெற்கே கியாந்தி திராட்சைக் குன்றுகளின் ஊடாகச் சியெனாவுக்குச் செல்லலாம். அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கியானா சமவெளியைக் கடந்து, குன்றின்மேல் அமர்ந்திருக்கும் கொர்த்தோனாவை அடையலாம். பின்னர் திராசிமேனோ ஏரிக்கரை வழியாகப் பெருஜியாவுக்கும், முடிவில் புனித பிரான்சிஸ் பிறந்த அசிசிக்கும் செல்லலாம். ஏறக்குறைய 250 கிலோமீற்றர். ஆறு நாட்களாகப் பிரித்துக்கொண்டால் உடலுக்கும் பாரமில்லை, கண்ணுக்கும் அவசரமில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்ப்பதே நலம். அக்காலத்து வெயில் எமது வன்னிக் கோடையை நினைவூட்டும். ஏப்ரில் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், பின்னர் செப்டெம்பரும் ஒக்டோபரின் தொடக்கமும் உகந்த காலங்கள். இங்குள்ள ஏற்றங்கள் அல்ப்ஸ் மலையைப்போல் நீண்டவையல்ல. ஆனால் ஒன்று முடிந்ததும் மற்றொன்று தொடங்கிவிடும். கால் களைத்தால் வெட்கப்படத் தேவையில்லை. இத்தாலியின் பிராந்தியப் புகையிரதங்கள் பலவற்றில் சைக்கிளுக்கும் ஒரு சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்.

இப்பாதையின் முதலாவது வரலாறு காலுக்குக் கீழேயே கிடக்கிறது. சியெனாவைச் சூழ்ந்த பகுதிகளில் தார் போடப்படாத வெண்ணிறக் கிரவல் வீதிகள் இன்றும் உள்ளன. 'வெள்ளை வீதிகள்' என்றே அவற்றை அழைக்கின்றனர். இன்று அவை அழகின் அடையாளமாகப் படம்பிடிக்கப்படுகின்றன. அவை எஞ்சியதற்கோ வறுமையும் ஒரு காரணம். இப்பிரதேசத்தில் பல நூற்றாண்டுகளாக நிலவியது, எமது வாரக்குடி முறையை ஒத்த 'மெட்சாத்ரியா' என்னும் பங்குச் செய்கை முறையாகும். நிலம் உடையவருக்குப் பாதி, உழுதவருக்குப் பாதி என்பதே அதன் அடிப்படை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உழவர் குடும்பங்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குச் சென்றன. புதிய பங்குச் செய்கை ஒப்பந்தங்களை 1964 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஆட்கள் அகன்ற கிராமங்களின் வீதிகளுக்குத் தார் ஊற்ற எவரும் அவசரப்படவில்லை.

பின்னர் அவ்வீதிகளுக்கும் தார் வரும் நிலை தோன்றியபோது, அவற்றைக் காக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு 1997 இல் கியாந்திப் பகுதியின் காயோலே என்னும் சிற்றூரில் ஜான்கார்லோ புரொச்சி என்பவர் பழைய சைக்கிள்களின் ஓட்டம் ஒன்றைத் தொடக்கினார். 'லெரோய்க்கா' என்பது அதன் பெயர். முதலாம் ஆண்டு கலந்துகொண்டோர் 92 பேர் மாத்திரமே. பின்னர் உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வரும் விழாவாக அது வளர்ந்தது. ஏழைகளின் பாதை ஒன்றை விளையாட்டு காப்பாற்றியது என்பது சிந்திக்கத்தக்க விடயம்.

இரண்டாவது வரலாறு எனது தொழிலோடு தொடர்புடையது. இத்தாலியிலும் பிரான்சிலும் சைக்கிளோட்டத்தை மக்கள் திருவிழாவாக மாற்றியவை பத்திரிகைகளே. 1903 இல் பிரான்ஸ் சுற்றோட்டத்தை ஆரம்பித்தது 'லோட்டோ' என்னும் நாளிதழ். தனது போட்டிப் பத்திரிகையை வீழ்த்துவதே அதன் நோக்கம். அது மஞ்சள் தாளில் அச்சானது. 1919 இல் ஓட்டத்தில் முன்னணியில் நிற்பவருக்கு மஞ்சள் மேற்சட்டை அணிவிக்கும் வழக்கம் வந்தது. இத்தாலியில் இளஞ்சிவப்புத் தாளில் வெளிவந்த 'லா கஸெற்றா டெல்லோ ஸ்போர்ட்', வேறொரு பெரிய பத்திரிகை இத்தாலிச் சுற்றோட்டம் ஒன்றை நடத்த எண்ணியிருப்பதை அறிந்து முந்திக்கொண்டது. 1909 மே 13 இல் மிலான் நகரில் 127 பேருடன் தொடங்கிய அவ்வோட்டத்தை முடித்தவர்கள் 49 பேர். வென்றவர் லூயிஜி கன்னா. பத்திரிகை விற்பனைக்கு வீரர்கள் தேவைப்பட்டனர். வீரர்களைப் பற்றிய கதைகளும் தேவைப்பட்டன. இதனை மனதில் இருத்திக்கொண்டே அடுத்த கதைக்குச் செல்லவேண்டும்.

புளொரன்சிலிருந்து தெற்கே புறப்படுபவர்கள் சிறிது தூரத்திலேயே பொன்தே அ ஏமா என்னும் ஊரை அடைவர். 1914 ஜூலை 18 இல் ஜினோ பர்த்தாலி பிறந்தது இங்குதான். அவர் பெயரால் சைக்கிள் அருங்காட்சியகம் ஒன்றும் இங்கு உண்டு. இத்தாலிச் சுற்றோட்டத்தை 1936, 1937, 1946 ஆகிய ஆண்டுகளிலும், பிரான்ஸ் சுற்றோட்டத்தை 1938, 1948 ஆகிய ஆண்டுகளிலும் வென்றவர் அவர். பிரான்சில் பெற்ற இரு வெற்றிகளுக்கும் இடையில் பத்து ஆண்டுகள். ஒரு வீரனின் மிகச் சிறந்த காலத்தை உலகப் போர் விழுங்கிவிட்டது.

பர்த்தாலி ஆழ்ந்த கத்தோலிக்கர். 1938 ஜூலையில் அவர் பாரிஸ் நோக்கி ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், முசோலினியின் இத்தாலியில் யூதர்களைப் பிற இனமாகப் பிரித்துக் காட்டும் அறிக்கை வெளியாயிற்று. இலையுதிர்காலத்தில் இனச் சட்டங்கள் வந்தன. 1943 செப்டெம்பர் 8 இல் இத்தாலியின் சரணாகதி அறிவிக்கப்பட்டதும் ஜேர்மன் படைகள் நாட்டின் வடக்கையும் நடுப்பகுதியையும் கைப்பற்றின. அதுவரை உரிமைகளை மட்டும் இழந்திருந்த யூதர்கள் இப்பொழுது உயிருக்கே அஞ்சவேண்டியவர்களாயினர். நவம்பரில் புளொரன்சில் சுற்றிவளைப்புகள் நடைபெற்றன. நகரின் பேராயர் கர்தினால் எலியா தல்லா கொஸ்தாவும் யூத மதகுரு நாதன் கசூத்தோவும் மறைவாக ஒரு மீட்பு வலையமைப்பை இயக்கினர். கசூத்தோ அம்மாதமே கைதாகி நாடு கடத்தப்பட்டார்; அவர் திரும்பி வரவில்லை. அசிசியில் ஆயர் ஜூசெப்பே நிக்கொலினியும், துறவி ருஃபினோ நிக்காச்சியும் மடங்களில் அகதிகளை ஒளித்தனர். லூயிஜி பிரிட்சி, அவரது மகன் திரெந்தோ ஆகியோரின் சிறிய அச்சகத்தில் அவர்களுக்கான போலி அடையாள அட்டைகள் அச்சாயின.

இவ்விடத்தில்தான் பர்த்தாலியின் கதை வருகிறது. பயிற்சி ஓட்டம் என்ற பெயரில் அவர் புளொரன்சிலிருந்து அசிசிக்குச் சைக்கிளில் சென்றார் என்றும், வண்டிச் சட்டகத்தின் குழாய்க்குள்ளும் ஆசனத் தண்டுக்குள்ளும் படங்களையும் பத்திரங்களையும் சுருட்டி வைத்துக் கொண்டுசென்றார் என்றும் கூறப்படுகிறது. சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் புகழ்பெற்ற வீரரின் வண்டியைத் துருவிப் பார்க்கவில்லையாம்.

இக்கதையை எம்மவர்க்கு விளக்கவேண்டிய தேவையில்லை. 1990 முதல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் துவிச்சக்கரவண்டியே எமக்கு லொறியும் நோயாளர் வண்டியுமாக இருந்தது. அதனைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பின்னர் இராணுவச் சாவடிகள் தோன்றியபோது, இறங்கி உருட்டிச் செல்லவேண்டிய தூரம் எவ்வளவு என்பது ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாயிருந்தது. ஆயுதமேந்தியவன் சாதாரணமானதொரு சைக்கிளைக் கண்டு ஏன் அஞ்சுகிறான் என்பது எமக்குத் தெரியும். 1943 டிசெம்பரில் உரோமாபுரியில் ஜேர்மனியர் சைக்கிளோட்டத்தையே தடைசெய்தனர். எதிர்ப்புப் போராளிகள் சைக்கிளில் வந்து தாக்கி மறைந்தமையே அதற்குக் காரணம்.

ஆயினும், ஒரு கதை எமது அனுபவத்தோடு ஒத்துப்போகின்றது என்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. பர்த்தாலி அசிசிக்குப் பத்திரங்களைக் கொண்டுசென்ற செய்தி பரவலாக அறியப்பட்டது 1978 இல் அலெக்சாந்தர் ரமாத்தி எழுதிய நூலின் மூலமாகும். துறவி நிக்காச்சியின் நினைவுகளாக, நாவலைப்போல எழுதப்பட்ட நூல் அது. 1985 இல் அது திரைப்படமாயிற்று. பர்த்தாலியோ 2000 ஆம் ஆண்டு மே 5 இல் மறையும்வரை இவ்விடயத்தைப் பொதுவில் பேச விரும்பவில்லை. நன்மையைச் செய்யவேண்டும், சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்பது அவர் தமது மகனுக்குக் கூறிய அறிவுரை. 2013 இல் இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனம் 'உலக மக்களுள் நீதிமான்' என்ற மதிப்பை அவருக்கு வழங்கியது. 2021 இல் ஸ்தெஃபானோ பிவாத்தோவும் மார்க்கோ பிவாத்தோவும் வெளியிட்ட நூல், பத்திரம் சுமந்த கதை பின்னாளில் புனையப்பட்டது என்று வாதிட்டது. இத்தாலியில் விவாதம் சூடுபிடித்தது.

இரு தரப்பையும் வாசித்தபின் எனது முடிவு இதுவே. எல்லாச் சான்றுகளும் ஒரே தரத்தவையல்ல. புளொரன்சில் பர்த்தாலிக்கும் அவரது உறவினருக்கும் சொந்தமான இடத்தில் ஒரு யூதக் குடும்பம் ஒளித்து வைக்கப்பட்டது என்பதற்கு, அக்குடும்பத்தின் மகனே பிற்காலத்தில் நேரிற் சாட்சி கூறியுள்ளார். அது உறுதியானது. பிடிபட்டிருந்தால் பர்த்தாலிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சட்டகத்துக்குள் பத்திரம் வைத்த கதையோ பெரும்பாலும் பிறர் வாய்மொழியிலும் குடும்ப நினைவிலும் தங்கியது. அது நடந்திருக்கலாம். ஆனால் முதலாவதைச் சொல்லும் அதே குரலில் இரண்டாவதைச் சொல்லக்கூடாது. சைக்கிள் சட்டகம் கவர்ச்சியானது என்பதற்காக, நிலவறையில் மூச்சடக்கி இருந்த ஒரு குடும்பத்தைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவது நீதியன்று.

1948 பற்றிய கதையும் இவ்வாறே. அவ்வாண்டு ஜூலை 14 இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் பால்மீரோ தொக்லியாத்தி சுடப்பட்டார். நாடு கொதித்தது, பொது வேலைநிறுத்தம் வெடித்தது. பிரான்ஸ் ஓட்டத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்த பர்த்தாலி, பிரதமர் தெ கஸ்பெரி தொலைபேசியில் கேட்டுக்கொண்டதன் பின்னர் அல்ப்ஸ் மலையில் அடுத்தடுத்து வென்று உள்நாட்டுப் போரைத் தடுத்தார் என்பது ஐதீகம். அவர் அடுத்தடுத்து வென்றது உண்மை. மக்கள் மகிழ்ந்ததும் உண்மை. அதேவேளை, தொக்லியாத்தி உயிர்பிழைத்ததும், இடதுசாரித் தலைவர்களும் தொழிற்சங்கமும் தொண்டர்களைக் கட்டுப்படுத்தி இரண்டு நாட்களில் வேலைநிறுத்தத்தை முடித்ததும் உண்மையே. பத்திரிகைகளுக்கு ஒரு சைக்கிள் வீரன் கிடைத்தபோது, தொழிற்சங்கக் கூட்டத்தின் தீர்மானத்தை யார் முதற்பக்கத்தில் நினைவுகூர்வர்?

பயணத்தின் இறுதிக்கட்டத்துக்கு வருவோம். கொர்த்தோனாவிலிருந்து இறங்கினால் தெரொந்தோலா புகையிரதச் சந்தி வரும். உரோமாபுரிக்கும் அசிசிக்கும் செல்லும் பாதைகள் பிரியுமிடம் அது. அப்பால் திராசிமேனோ ஏரி. கி.மு. 217 இல் ஹனிபாலின் படை உரோமத் தளபதி ஃபிளாமினியஸின் படையை இதன் வடகரையில் மடக்கி அழித்தது. ஏரிக்கரை சமதரை; ஆறுதலாக உழக்கலாம். அசிசியில் தேவாலயங்களைப் பார்த்தபின் 1943, 1944 ஆம் ஆண்டுகளின் நினைவு அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புகழ்பெற்ற வீரர் எவரும் இல்லாமலேயே ஒரு சிறிய நகரம் எதைச் செய்யக்கூடும் என்பதை அங்கே காணலாம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பர்த்தாலியின் மௌனம் உயர்ந்த பண்பு. ஆனால் அம்மௌனம் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் நாவலும் திரைப்படமும் புகுந்தன. அவற்றைத் தொடர்ந்து மறுப்பாளர்களும் வந்தனர். எமது போர்க்காலத்திலும் காயப்பட்டவரைக் கரியரில் ஏற்றிச் சென்றவர்கள், அயலவரைத் தம் வீட்டில் மறைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் பேசுவதில்லை. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. டஸ்கனிக் குன்றுகளைச் சுற்றி முடித்த பின், அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வருவதாயின் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் எடுத்து வாருங்கள். உங்கள் பெரியப்பாவிடமும் அம்மம்மாவிடமும், எந்த ஆண்டு, எந்த வீதி, உடன் இருந்தவர் யார் என்று நிதானமாகக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அவர்கள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.